சாவியைத் திருப்பும் முன்

பழைய போர்ஷே 944 நடுவழியில் உயிரை விட்டால் காரணம் உள்ளங்கையில் அடங்கும் ஒரு ரிலேயாக இருக்கலாம். அறுந்துபோன ரப்பர் பெல்ட்டாகவும் இருக்கலாம். முன்னது சில்லறைச் செலவு. பின்னது காருக்கே உலை.

எந்த முன்னறிவிப்பும் இருக்காது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது கியரில் சீராக ஓடிக்கொண்டிருந்த கார் திடீரென்று இழுவையை இழக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பதில் வராது. கிளட்சை மிதித்த கணத்தில் என்ஜின் சத்தம் அடங்கிப்போய், டாஷ்போர்டில் பாட்டரி விளக்கும் ஆயில் விளக்கும் சிவப்பாக விழித்துக்கொள்ளும். பிரேக்குக்குத் துணை நிற்கும் வெற்றிடம் இன்னும் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டி என்றால் அதுவும் கல்லாய்க் கனக்கும். மிச்சமிருக்கிற வேகத்தை நம்பி ஓரங்கட்டுவதற்குள் ஓட்டுபவருக்கு வியர்த்துவிடும்.

வண்டி நின்றதும் கை தானாகச் சாவிக்குப் போகும். இன்னொரு முறை செல்ஃப் அடித்துப் பார்த்தால் என்ன? பல கார்களில் அதனால் பாட்டரி இறங்குவதைத் தவிர வேறு நஷ்டம் இல்லை. ஆனால் ஓரத்தில் நிற்பது 1980களின் போர்ஷே 944 என்றால் அந்த ஒரு திருப்பலில் பழுதின் அளவே மாறிவிடக்கூடும். சேதம் ஏற்கனவே நடந்து முடிந்திருக்கலாம்; அல்லது அரைகுறையாக நடந்திருக்கும் சேதத்தைச் சாவி பூர்த்தி செய்து வைக்கலாம். எதுவுமே நடந்திராமல், ஒரு ரிலே மட்டும் சோர்ந்துபோயிருக்கவும் வாய்ப்பு உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல்.

ஜெர்மனியின் போர்ஷே நிறுவனம் 1982 முதல் 1991 வரை 944ஐத் தயாரித்தது. உருவான எண்ணிக்கை 1,60,000க்கும் மேல். ஏராளமானவை அமெரிக்காவுக்குக் கப்பலேறின. முன்னால் என்ஜின், பின்னால் கியர்பாக்ஸ், இரண்டையும் இணைக்க நடுவில் ஒரு நீண்ட குழல். எடை முன்னும் பின்னும் ஏறக்குறைய சரிசமமாகப் பங்கிடப்பட்டதால் வளைவுகளில் இந்தக் கார் காட்டும் நிதானம் அந்தக் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. என்ஜின் 2.5 லிட்டர், நான்கு சிலிண்டர். நிறுவனத்தின் எட்டு சிலிண்டர் 928 என்ஜினைப் பாதியாக வெட்டியது என்று சொல்லுமளவுக்கு அதன் வாரிசு. இவ்வளவு பெரிய நான்கு சிலிண்டர் என்ஜினுக்கு நடுக்கம் அதிகம் என்பதால், மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்று, நடுக்கத்தை ஈடுகட்டும் இரண்டு தண்டுகளையும் உள்ளே சேர்த்தார்கள். இவற்றைச் சுழற்றத் தனியாக இன்னொரு பெல்ட். ஆக என்ஜினின் முகத்தில் இரண்டு ரப்பர் பெல்ட்டுகள்.

911 பக்தர்கள் 944ஐ அசல் போர்ஷேயாக ஏற்றுக்கொள்ள நீண்ட காலம் மறுத்தார்கள். அந்த ஏளனம் விலையில் தெரிந்தது. பழைய 911களின் விலை எகிறிக்கொண்டிருந்த ஆண்டுகளிலும் 944 மலிவாகவே கைமாறிக்கொண்டிருந்தது. போர்ஷே ஓட்ட வேண்டும் என்ற ஆசையும் சாதாரணச் சம்பளமும் உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதமாகப் பட்டது. கார்தான் மலிவு, அதன் பாகங்களும் கூலியும் போர்ஷே விலையில்தான் இருந்தன. ஹெட்டைக் கழற்றி வேலை பார்க்கும் செலவு, காரை வாங்கிய விலையைத் தாண்டிவிடும் என்று கணக்குப் போட்டவர்கள் அத்தோடு அதைப் பழைய இரும்புக்கு அனுப்பினார்கள். இந்த ரகக் கார்களில் பல, துருவினாலோ விபத்தினாலோ சாகவில்லை. ரசீதுக் கணக்கில் செத்தன. அந்தக் கணக்கு சரியான நோயறிதலின் மேல் போடப்பட்டதா என்பதுதான் கேள்வி.

அம்பாசடர், பத்மினி காலத்து இந்திய ஓட்டுநருக்கு நடுவழியில் நிற்கும் வண்டி புதிதல்ல. பானெட்டைத் தூக்குவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, பாயிண்ட்டை உப்புத்தாளால் ஒரு தேய்ப்பு. கார்புரேட்டர் ஜெட்டை வாயால் ஊதுவார். பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி. எதுவும் சரிப்படாவிட்டால் நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்வார். அந்த வைத்தியங்களில் தவறில்லை. அந்த என்ஜின்களில் வால்வுகளை ஆட்டுவிக்கும் தண்டைச் சுழற்றியது இரும்புச் சங்கிலி. தீப்பொறிக்கும் பெட்ரோலுக்கும் தனித்தனி நிர்வாகம்.

944இல் இந்த இரண்டு நிலைமையும் தலைகீழ். சங்கிலி இருந்த இடத்தில் ரப்பர் பெல்ட். தீப்பொறியையும் பெட்ரோலையும் சேர்த்து நிர்வகிப்பது பாஷ் நிறுவனத்தின் மோட்ரானிக் என்ற மின்னணுப் பெட்டி. போர்ஷே மெக்கானிக்குகள் அதை டி.எம்.இ. என்று அழைப்பார்கள். முதல் மாற்றத்தால் தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆபத்தாகிவிட்டது. இரண்டாவது மாற்றத்தால், ஒரு சின்னப் பாகம் கண்ணை மூடினால் பொறியும் பெட்ரோலும் ஒரே நொடியில் நின்றுவிடும்.

முதலில் பெல்ட். கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே காம் ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் காம் ஒரு சுற்று சுற்ற வேண்டும், ஒரு பல் கூடப் பிசகாமல். பிஸ்டன் மேலே ஏறும்போது வால்வு மூடியிருக்க வேண்டும். 944இன் வடிவமைப்பில் திறந்த வால்வும் மேலேறிய பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. பெல்ட் அறுந்தால் காம் நின்றுவிடும். கிராங்க் ஓடிய வேகத்தில் இன்னும் சுழலும். திறந்தபடி நின்றுவிட்ட வால்வின் தலையில் பிஸ்டன் போய் முட்டும். வால்வு வளையும். எத்தனை வளையும் என்பது வேகத்தையும் காம் எந்த நிலையில் நின்றது என்பதையும் பொறுத்தது.

கியரில் இருக்கும்போது அறுந்தால் இன்னும் மோசம். சக்கரங்கள் கிராங்க்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கும். கிளட்சை உடனே மிதிப்பது நல்லது என்பதும், நின்ற வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யக் கூடாது என்பதும் இதனால்தான். செல்ஃப் மோட்டாரும் தன் பங்குக்கு அதே வேலையைச் செய்யும்.

பெல்ட் ஏன் அறுகிறது? வயதுதான் முதல் காரணம், ஓடிய தூரம் மட்டுமல்ல. ஏறத்தாழ 72,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது போர்ஷேயின் கணக்கு. அனுபவப்பட்டவர்கள் 48,000 கி.மீ. அல்லது மூன்று நான்கு ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது மாற்றச் சொல்கிறார்கள். இதில் ஏமாறுபவர்கள் பெரும்பாலும் காரைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தவர்கள். பத்து வருடத்தில் சில ஆயிரம் கி.மீ. மட்டுமே ஓடிய கார் என்று பெருமையாக வாங்குவார்கள். அந்தப் பத்து வருடமும் ரப்பர் ஷெட்டுக்குள் சும்மா கிடந்து இறுகிக்கொண்டிருந்திருக்கும். என்ஜின் முகப்பில் உள்ள சீல்கள் தளர்ந்து கசியும் ஆயிலும் பெல்ட்டை ஊறவைத்துக் கெடுக்கும். தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் இதே பெல்ட்தான் என்பதால், பம்பின் பேரிங் இறுகினால் பெல்ட்டும் போய்விடும். நடுக்கத்தை ஈடுகட்டும் தண்டுகளின் குறுகலான பெல்ட் அறுந்து, பக்கத்துப் பெரிய பெல்ட்டுக்குள் சிக்கிக் கதையை முடித்து வைப்பதும் உண்டு. புதிதாகப் போட்ட பெல்ட்டும் தப்பியதாக அர்த்தமில்லை. இழுவிசை சரியாக இருக்க வேண்டும். அதை அளக்கப் போர்ஷே தனிக் கருவியே வைத்திருந்தது. புது பெல்ட் சற்று நீளும் என்பதால் மூவாயிரம் கி.மீ. வாக்கில் மறுபடி சரிபார்க்க வேண்டும். அந்த இரண்டாவது வருகையைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

ஆகவே விசாரணையின் முதல் கேள்வி: காம் சுற்றுகிறதா? நல்லவேளையாக 944இல் இதைப் பார்க்க எதையும் பெரிதாகப் பிரிக்க வேண்டியதில்லை. டிஸ்ட்ரிபியூட்டர் என்ஜினின் முகப்பிலேயே இருக்கிறது. அதன் ரோட்டார் நேராகக் காம் ஷாஃப்ட்டின் முனையில் பூட்டப்பட்டிருக்கிறது. மூடியைக் கழற்றி வைத்துவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, கிராங்க் நுனியில் உள்ள பெரிய போல்ட்டில் ஸ்பேனரை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும், கடிகாரம் சுற்றும் திசையில் மட்டும். ரோட்டார் கூடவே சுற்றினால் பெல்ட் உயிரோடு இருக்கிறது. சுற்றாவிட்டால் அந்த நொடியே கையை எடுத்துவிட வேண்டும். நடுவில் ஏதோ முட்டுவது போல இருந்தாலும் அப்படித்தான். பலம் காட்டுகிற இடம் அதுவல்ல. ரோட்டார் சுற்றியது என்பதால் மட்டும் முழு நிம்மதி அடைந்துவிட முடியாது. தளர்ந்த பெல்ட் ஒன்றிரண்டு பல் தாண்டியிருக்கலாம். ஃப்ளைவீலில் உள்ள குறியும் காம் சக்கரத்தில் உள்ள குறியும் ஒரே நேரத்தில் தத்தம் இடத்தில் வந்து நிற்கின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

பதற்றத்தில் ஏற்கனவே செல்ஃப் அடித்துவிட்டவர்களுக்கு ஒரு துப்பு மிச்சமிருக்கிறது. நல்ல என்ஜினை செல்ஃப் சுழற்றும்போது ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் தாண்ட வேண்டியிருப்பதால், மூச்சு வாங்குவது போல விட்டு விட்டு ஒலிக்கும். பெல்ட் போயிருந்தால் தடையே இல்லாமல் வழக்கத்தைவிட வேகமாக, ஒரே சீராகச் சுழலும். இந்தச் சத்தத்தைக் கேட்டவர் இரண்டாவது முறை கேட்க முயற்சி செய்யக் கூடாது.

ஓடும்போதே கிடைக்கும் இன்னொரு சாட்சி டாக்கோமீட்டர். என்ஜின் செத்த கணத்தில், கிளட்சை மிதிக்கும் முன், அதன் முள் என்ன செய்தது என்று யாராவது கவனித்திருந்தால் பாதி வழக்கு முடிந்தது. பெல்ட் அறுந்தாலும் பெட்ரோல் நின்றாலும், சக்கரங்கள் கிராங்க்கைச் சுற்றிக்கொண்டிருக்கும்வரை டி.எம்.இ. தீப்பொறியை அனுப்பிக்கொண்டே இருக்கும். முள் காரின் வேகத்தோடு மெல்லத்தான் இறங்கும். முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்திருந்தால்? என்ஜின் சுற்றுவது டி.எம்.இ.க்குத் தெரியவில்லை, அல்லது டி.எம்.இ.க்கே மின்சாரம் இல்லை. இது உண்மையில் நல்ல செய்தி. ஆனால் அந்த நொடியில் லாரிக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவே இருப்பவர் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்.

பெல்ட் பிழைத்திருக்கிறது என்று உறுதியான பிறகு தாராளமாக செல்ஃப் அடிக்கலாம். அப்போதும் முள்ளைத்தான் பார்க்க வேண்டும். செல்ஃப் சுழற்றும்போது முள் லேசாகத் துடித்தால் சென்ஸார்களும் டி.எம்.இ.யும் வேலை செய்கின்றன. அசையாமல் கிடந்தால் சந்தேகம் இரண்டே இடத்துக்குச் சுருங்கிவிடும்: ரிலே, அல்லது ஃப்ளைவீல் சென்ஸார்கள். பொறியும் பெட்ரோலும் தனித்தனியே ஒரே நொடியில் சாவது அபூர்வம். இரண்டுக்கும் பொதுவான ஆள் யாரோ அவரைத்தான் பிடிக்க வேண்டும்.

டி.எம்.இ. ரிலே ஒரு பெட்டிக்குள் இரண்டு ரிலே. ஒன்று கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தருகிறது. மற்றது பெட்ரோல் பம்புக்கு. என்ஜின் சுற்றுகிறது என்று கம்ப்யூட்டர் நம்பினால்தான் பம்பு ஓடும். விபத்தில் என்ஜின் நின்றால் பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. ரிலேயின் உள்ளே ஈயத்தால் பற்றவைத்த இணைப்புகள் ஆண்டுக்கணக்கில் சூடாகி, ஆறி, அதிர்ந்து, தலைமுடி போல விரிசல் விடுகின்றன. சூட்டில் விரிசல் அகலும், தொடர்பு விடும், கார் நிற்கும். அரை மணி நேரம் ஆறினால் தொடர்பு திரும்பும், கார் ஒன்றும் நடக்காதது போல ஸ்டார்ட் ஆகும்.

இதுதான் மெக்கானிக்குகளைப் பைத்தியமாக அடிக்கும் குணம். இழுத்துக்கொண்டு போன வண்டி ஒர்க்‌ஷாப் வாசலில் சாதுவாக ஓடும். எதைச் சோதித்தாலும் சரியாக இருக்கும். சந்தேகத்தின் பேரில் பெட்ரோல் பம்பை மாற்றுவார்கள். அடுத்த வாரம் மறுபடி நிற்கும். இக்னிஷன் காயில் மாறும். பிறகு விலை கூடிய கம்ப்யூட்டரே மாறும். ஒவ்வொரு முறையும் ஆறிய பிறகு கார் ஓடுவதால், கடைசியாக மாற்றிய பாகம்தான் தீர்த்து வைத்தது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பார்கள். பில் மட்டும் ஏறிக்கொண்டே போகும், மெகா சீரியல் மாதிரி.

ரிலேயைக் குற்றவாளி என்று நிரூபிக்க ஒரு துண்டு ஒயர் போதும். ரிலேயைப் பிடுங்கிவிட்டு, சாக்கெட்டில் 30 என்றும் 87பி என்றும் குறியிட்ட இரண்டு முனைகளை ஒயரால் இணைத்தால் பின்னால் பம்பு ஓடும் ஒலி கேட்க வேண்டும். கேட்டால் பம்பும் அதன் ஃப்யூஸும் ஒயரும் சரி. பம்பு நிரபராதி என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடலாம். அதற்குப் பிறகு நல்லது என்று தெரிந்த இன்னொரு ரிலேயைச் செருகிப் பார்ப்பதுதான் மிச்சம். பழைய ரிலேயின் மூடியைத் திறந்து, இணைப்புகளைப் புதிதாகப் பற்றவைத்து மேலும் சில ஆண்டுகள் ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். சாலிக்கிராமத்து டி.வி. ரிப்பேர் கடையில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை.

ரிலே மாறியும் முள் அசையவில்லை என்றால் சென்ஸார்கள். ஃப்ளைவீல் ஓரமாக இரண்டு இருக்கின்றன. ஒன்று பற்சக்கரத்தின் பற்களை எண்ணி வேகத்தைச் சொல்கிறது. மற்றது சுற்றுக்கு ஒருமுறை கடந்துபோகும் ஒரு குறியைப் பார்த்து, முதல் சிலிண்டர் எங்கே இருக்கிறது என்று சொல்கிறது. சென்ஸாருக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி 0.8 மி.மீ. இவற்றின் ஒயர் இணைப்பான்கள் என்ஜினுக்குப் பின்னால், நெருப்புச் சுவர் ஓரம், சூடு அதிகமான இடத்தில் இருப்பதால் பிளாஸ்டிக் அப்பளமாகிவிடும். தொட்டால் உதிரும். அதைவிடக் கொடுமை, இரண்டு இணைப்பான்களும் அச்சு அசல் ஒரே வடிவம். வேறு வேலைக்காகக் கழற்றியவர் மாற்றிச் செருகிவிட்டால் கார் கிளம்பாது. கழற்றியவருக்குக் காரணமும் புரியாது. இப்படி வடிவமைத்தவர் அந்தச் சந்தில் கையை விட்டு வேலை செய்ய நேர்ந்திருக்காது.

முள் துடிக்கிறது, ஆனாலும் கார் கிளம்பவில்லை என்றால் வழக்கமான விசாரணைதான்: பிளக்கில் பொறி வருகிறதா, பெட்ரோல் அழுத்தம் இருக்கிறதா, இன்ஜெக்டருக்கு மின்துடிப்பு போகிறதா. என்ஜின் சுற்றவே மறுத்து இறுகிப் போயிருந்தால் அது வேறு வியாதி. ரேஸ் பாதையில் நீண்ட வளைவுகளில் ஆயில் ஒதுங்கி, இரண்டாவது கனெக்டிங் ராடின் பேரிங் கருகுவது 944க்குப் பேர்போன குறை.

பெல்ட் அறுந்தது உறுதியானாலும் உடனே கையைக் கழுவ வேண்டியதில்லை. காமை ஒழுங்கான நிலையில் நிறுத்தி, புது பெல்ட் போட்டு, ஒவ்வொரு சிலிண்டராகக் காற்றழுத்தம் கொடுத்து, எதில் எவ்வளவு கசிகிறது என்று பார்க்கலாம். மெதுவாக ஓடும்போது அறுந்த என்ஜின்களில் சில வால்வுகளோடு போயிருக்க வாய்ப்புண்டு. ஹெட்டைக் கழற்றி, வளைந்தவற்றை மாற்றி, பிஸ்டனில் விழுந்த வடு ஆழமில்லை என்றால் அப்படியே விட்டு மூடலாம். சிறிய செலவல்ல, ஆனால் புது என்ஜின் விலையும் அல்ல. இந்தச் சோதனையைச் செய்யாமலே கைவிடப்பட்ட கார்கள்தான் வருத்தம் தருபவை.

போர்ஷே பிறகு பெல்ட்டை விட்டுச் சங்கிலிக்குப் போனது. அதனால் திடீர் மரணம் ஒழிந்துவிடவில்லை. 1990களின் பிற்பகுதியில் வந்த பாக்ஸ்டரிலும் அதே தலைமுறை 911இலும் கிராங்க்குக்கும் காமுக்கும் நடுவே ஓர் இடைத்தண்டு இருக்கிறது. அதன் ஒரு முனையைத் தாங்கும் மூடிய பேரிங் சிதைந்தால் சங்கிலிகள் தடம் புரண்டு, வால்வும் பிஸ்டனும் மோதும் அதே பழைய கதை. அமெரிக்காவில் உரிமையாளர்கள் கூட்டாக வழக்குத் தொடுத்தார்கள். 2013இல் அது சமரசத்தில் முடிந்தது. 944இன் பெல்ட்டாவது மாற்றும் தேதி எழுதப்பட்ட பாகம். இந்தப் பேரிங்குக்குக் கம்பெனி அப்படி எந்தத் தேதியும் குறிக்கவில்லை. ஆயில் மாற்றும்போது பழைய ஃபில்டரை அறுத்து, மடிப்புகளை விரித்து, உலோகத் துகள் மினுக்குகிறதா என்று வெளிச்சத்தில் பார்ப்பதுதான் உரிமையாளர்கள் கைக்கொண்ட முன்ஜாக்கிரதை.

944இன் விலை இப்போது பழையபடி அடிமட்டத்தில் இல்லை. டர்போவும் எஸ்2வும் சேகரிப்பவர்கள் தேடும் சரக்காகிவிட்டன. விவரம் தெரிந்த வாங்குபவர் பெயின்ட்டையும் சீட்டையும் பார்க்கும் முன் பெல்ட் மாற்றிய ரசீதைக் கேட்கிறார். ரசீது இல்லாத கார் எவ்வளவு பளபளத்தாலும், பெல்ட், உருளைகள், தண்ணீர் பம்பு ஆகியவற்றின் விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம் ஆரம்பிக்கிறது. அந்த வேலை முடியும்வரை காரை லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். சில மெக்கானிக்குகள் பெல்ட் மாற்றிய மாதத்தையும் கி.மீ.யையும் பெல்ட் மூடியின் மேலேயே எழுதி வைக்கிறார்கள். அனுபவப்பட்ட உரிமையாளரின் டாஷ்போர்டு அறையில் காகிதங்களோடு இன்னொரு ரிலேயும் ஒரு சாண் ஒயரும் கிடக்கும்.